கோழி உரிக்கிறவர் படம்

கையைக் கழுவினால் மட்டும் போதாது, நகத்தையும் திருப்பிக் காட்ட வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மூங்கில் பீலியில் எந்நேரமும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். ஆனாலும் நீங்களாகப் போய்க் கழுவிவிட்டு வர முடியாது. ஜூலியஸ்தான் செம்பில் பிடித்து ஊற்றுவார். ஊற்றும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், விரல்களைத்தான் பார்ப்பார். றப்பர் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்றில் மஞ்சள் சோப்புத் துண்டு இருக்கும். இரண்டு தரம் போட வேண்டும். துடைப்பதற்கென்று வெள்ளைத் துணி ஒன்று தனியாகக் கொடியில் தொங்கும். அதை அவசரத்துக்கு எடுத்தால் அவர் மனைவி மரியம்மாவுக்கே திட்டு விழும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின் வெளியே வரும்.

டின்னுக்குள் இருப்பது ஒரு படம். அதைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். தோட்டத்து நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த சின்னத்துரை ஒருவர் கேள்விப்பட்டு லயத்துக்கு வந்தார். ஜூலியஸ் செம்பை நீட்டினார். சின்னத்துரை தன் கையைப் பார்த்தார், ஜூலியஸைப் பார்த்தார், ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் ஜூலியஸுக்கு மேட்டுப் பக்கத்து றப்பர் மரங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.

வயது ஐம்பத்து நான்கு. நிவித்திகலைக்குப் போகிற வழியில், கீழே றப்பரும் மேலே தேயிலையுமாகக் கிடக்கிற எங்கள் தோட்டத்தில் முப்பத்தாறு வருடமாகப் பால் வெட்டுகிறார். மெலிந்த ஆள். வாளி தூக்கித் தூக்கி இடது தோள் இறங்கிப்போயிருக்கிறது. அவர் வெட்டின பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். "தோலத் தொடணும் சேர், சதையத் தொடக்கூடாது. சதையத் தொட்டீங்க, அந்த எடத்துல மரம் முடிச்சுப் போட்டுக்கும்" என்பார். இவர் வெட்டின மரத்தில் முடிச்சைத் தேடி, பள்ளிக்கூட வாத்தியாரான நானே ஒரு விடுமுறை நாளில் சுற்றியிருக்கிறேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடுதாசி எதையும் எறிய மாட்டார். கிளினிக் அட்டை, பழைய கூப்பன் புத்தகம், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு, பஸ் டிக்கட் எல்லாம் இருக்கும். எறிய மாட்டார் என்பதைவிட, யார் கையிலும் விட்டுவிட்டு வர மாட்டார் என்பதுதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு "நாளைக்கு வா" என்றால், நாளை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பா சந்தியாகு பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டபோது பிறப்புப் பத்திரத்தையும் பழைய துண்டுச் சீட்டையும் ஓர் அரசாங்கக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்தது திரும்பவில்லை. கேட்கப் போனால் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். சாகும்வரைக்கும் அந்த மனிதர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. இந்தக் கதையை ஜூலியஸ் என்னிடம் சொன்னபோது குரல் ஏறவே இல்லை.

சந்தியாகு பெரிய பங்களாவில் அப்பு. முப்பத்தொரு வருடம் வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்தவர். எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை கப்பல் ஏறினார். போகிற நேரத்தில் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு பொருள் கொடுத்தார்கள். தோட்டக்காரனுக்கு ஒரு பசு. பங்களாவில் எடுபிடியாக இருந்த மூக்கையாவுக்குச் சுவர்க் கடிகாரம். சந்தியாகுவுக்குத் துரையின் மனைவி, துரைசாணி, தன் கையாலேயே இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து இந்தப் படத்தைக் கொடுத்தாள். முந்நூறு வருடத்துப் படம், பெரிய கை வரைந்தது, இந்த வீட்டிலேயே இதைவிடப் பெறுமதியான சாமான் இல்லை, அதனால்தான் உனக்கு என்றாளாம்.

படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை விரித்த அளவு பழுப்புக் காகிதம். சிவப்புச் சோக்கால் வரைந்தது. ஓர் ஆள் முக்காலியில் உட்கார்ந்து கோழி உரித்துக்கொண்டிருக்கிறான். முதுகுதான் நமக்குத் தெரியும், முகம் கிடையாது. வெறுங்கால். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழியின் கழுத்து தொடையிலிருந்து தொங்குகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த ஆளுக்கு இடுப்பு வலிக்கிறது என்பது தெரியும். அவ்வளவுதான் படம்.

அதுதான் வினை. மாதா படம் என்றால் தோட்டம் நம்பியிருக்கும், ராஜா படம் என்றாலும் நம்பியிருக்கும். குசினிக்காரன் கோழி உரிக்கிறதை எந்தப் பெரிய ஓவியன் வரைவான்? துரைசாணி பொழுதுபோகாமல் சந்தியாகுவையே பின்னாலிருந்து கிறுக்கிப் பார்த்து, போகும்போது அதையே அவன் தலையில் கட்டிவிட்டாள் என்று லயம் முழுக்கச் சிரித்தது. மூக்கையாதான் அதிகம் சிரித்தவர். முப்பத்து மூன்று வருடமாக இன்னும் சிரிக்கிறார். பிறகு கங்காணியாகி, ஓய்வும் எடுத்தாயிற்று. இப்போதும் ஜூலியஸ் வாளியோடு அவர் வாசலைத் தாண்டினால் போதும், "என்னப்பா, நம்ம கடிகாரம் இன்னும் ஓடுது. ஒங்க அப்பன் கடுதாசி என்னா பண்ணுது?" என்பார். ஒருநாளும் தவறியதில்லை.

சந்தியாகு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் செத்தார். ஜூலியஸுக்கு வேண்டியது விலை இல்லை. விற்கிற யோசனை அவருக்கு வந்ததே இல்லை. துரைசாணி சொன்னது மெய்யா, பொய்யா? முப்பத்தொரு வருடம் சமைத்துப்போட்ட மனிதனை மதித்துக் கொடுத்தாளா, ஏமாற்றிவிட்டுப் போனாளா? இதைத் தெரிந்த ஒரு ஆள் சொல்ல வேண்டும். "அப்பாவுக்காகத்தான் சேர். நான் செத்து மேல போனா, மொதல்ல அதத்தான் கேப்பாரு" என்றார் ஒருமுறை.

நான் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தொண்ணூற்றேழில் வந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்பதால் இந்த விசயம் என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் எதன் மதிப்பைப் பார்ப்பதென்றாலும் மாணிக்க வியாபாரியிடம்தான் போவோம். அதனால் முதலில் பெல்மதுளையில் முக்தார் முதலாளியிடம் போனோம். ஜூலியஸ் தண்ணீர்ப் போத்தலும் சோப்பும் கொண்டு வந்திருந்தார். முதலாளி முகம் சுளிக்காமல் கை கழுவினார். கல் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே பிடித்தார். காகிதத்துக்குள்ளே நீரோட்டம் மாதிரி ஒரு கூஜாவின் உருவம் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தெரியாது.

"கல்லுண்டா செல்லுவேன். கடதாசிக்கு எனக்குக் கண்ணில்ல" என்றார் முதலாளி. "கொழும்புக்குக் கொண்டு போங்க. ஆனா யார்ட கையிலயும் விட்டுட்டு வராதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் ஜூலியஸிடம் சொல்லியிருக்கவே தேவையில்லை. இரத்தினபுரியில் ஒரு சித்திர வாத்தியார், பெரிய ஓவியர்கள் வேதக் கதைதான் வரைவார்கள், இது யாரோ சமையல் புத்தகத்துக்கு வரைந்தது என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு கிழமை வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். ஜூலியஸ் டின்னை மூடிவிட்டார். கொழும்பில் பழம்பொருள் பார்க்கிற ஒரு கந்தோருக்கு எழுதினேன். எட்டு மாதம் கழித்து, மூன்று மாதத்துக்கு ஒப்படைத்தால் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. "ஒப்படைத்தால்" என்று நான் வாசித்ததும் அவர் எழுந்து பால் வாளியைக் கழுவப் போய்விட்டார். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தோட்டத்து ஆள் ஒருவர் கொழும்பில் ரூம் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. இப்படியே வருடங்கள் போயின.

இரண்டாயிரத்து மூன்று மே மாதம் வெள்ளம் வந்தது. இரத்தினபுரி முங்கியது. எங்கள் மேட்டில் மண் சரிந்து இரண்டு லயத்தின் கூரை போனது. ஜூலியஸின் டின்னுக்குள்ளும் ஈரம் இறங்கிப் படத்தின் ஒரு மூலை கறுத்துவிட்டது. சனங்களின் பத்திரங்கள் சேற்றில் கிடந்தன. அந்த வருடம்தான் பிரஜாவுரிமைப் படிவம் வரப்போகிறது என்ற பேச்சும் அடிபட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டேன். முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். "எது உங்களுக்கு முக்கியமான கடுதாசியோ, எல்லாத்தையும் லெமினேட் பண்ணிருங்க. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது." கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது கூசுகிறது.

ஜூலியஸ் மறு கிழமையே நிவித்திகலை டவுனில் றமீலாவின் போட்டோகொப்பிக் கடைக்குப் போனார். பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பத்திரம், அப்பாவின் மரணச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே படம். றமீலா கொஞ்சம் தயங்கி, இதையுமா என்று கேட்டிருக்கிறாள். "இதத்தான் மொதல்ல" என்றிருக்கிறார் இவர். அவளையும் கை கழுவ வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் நேராக என் குவாட்டஸுக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோசம். "நெறம் ஏறிருச்சு சேர்" என்றார். உண்மைதான். மெசினின் சூட்டில் பசை உருகி இறங்கி, மங்கலாக இருந்த சிவப்பு ஈரமான செங்கல் மாதிரி அடர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பால் நிறத்தில் ஒரு கல் எடுப்பார்கள், கெவுடா என்று பெயர். அதைச் சூளையில் வைத்துச் சுட்டால் நீலம் ஏறி விலை உயர்ந்துவிடும். சூடு பட்டால் நிறம் ஏறும், நிறம் ஏறினால் நல்லது என்பது இங்கே பிறந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அந்த நினைப்பில்தான் அவர் சந்தோசப்பட்டார். நான் படித்தவன். நானும் கூடச் சேர்ந்து சந்தோசப்பட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விக்ரமரத்ன அம்மையாரைப் பற்றிப் படித்தேன். வெளிநாட்டில் ஒரு பெரிய காட்சிச்சாலையில் முப்பது வருடம் பழைய படங்களைச் செப்பனிட்டவர், வயதாகி ஊர் திரும்பியிருக்கிறார் என்று எழுதியிருந்தது. கடிதம் போட்டேன். மூன்றே வரியில் பதில். கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு உடனே உங்கள் கையில் தந்துவிடுவேன். ஜூலியஸ் அந்தக் கடிதத்தையும் டின்னுக்குள் வைத்துக்கொண்டார்.

கொழும்புக்குள் நுழைகிற இடத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். ஜூலியஸ் தன் பத்திரங்களை வரிசையாக எடுத்து நீட்டினார், எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆமிக்காரன் படத்தையும் இழுத்துப் பார்த்து இது யார் என்றான். இவர் சுத்தமான சிங்களத்தில், எங்கள் அப்பா என்றார். முகத்தைக் காணோமே என்றான் அவன். வேலையாக இருக்கிறார் என்றார் இவர். அவன் சிரித்து விட்டுவிட்டான். அந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அம்மையார் மேசையைத் துடைத்து வெள்ளைக் காகிதம் விரித்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். போத்தலோடு எழுந்த ஜூலியஸ் அப்படியே உட்கார்ந்துகொண்டார். படத்தை வைத்ததும் அம்மையார் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிங்களத்தில், எந்த மடையன் இப்படிச் செய்யச் சொன்னான் என்று கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாகவே புரியும். வாயைத் திறந்தால் முடிகிற காரியம். நான் மேசையில் விரித்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் நோனா. நான்தான் மடையன்" என்றார் ஜூலியஸ்.

பிறகு அம்மையார் ஒரு மணி நேரம் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். படத்து ஆளின் குதிகாலைக் காட்டினார். அங்கே ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு இருந்தது. வரைந்தவன் முதலில் காலை ஓரிடத்தில் போட்டிருக்கிறான், உட்கார்ந்திருந்த ஆள் காலை நகர்த்தியிருக்கிறான், இவனும் மாற்றியிருக்கிறான். நகல் எடுக்கிறவன் மாற்ற மாட்டான், இது உயிரோடு ஓர் ஆளைப் பார்த்து வரைந்தது என்றார். இத்தாலிப் பக்கம், முந்நூறு வருடத்துக்குக் குறையாது, கை சாதாரணக் கை இல்லை, குசினி ஆளை இவ்வளவு மரியாதையாக வரைந்த தாளைத் தன் காலத்தில் இரண்டோ மூன்றோதான் பார்த்திருப்பதாகவும் சொன்னார். யாருடைய கை என்று சொல்லக் காகிதத்தைத் தொட வேண்டும், உள்ளே இருக்கிற கூஜா அச்சைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு மேலாக எதுவும் முடியாது. பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டது, அதைக் கரைத்தால் சிவப்பும் கூடவே போய்விடும். மூன்று வருடத்துக்கு முன் கொண்டு வந்திருந்தால் என்று தொடங்கி, ஜூலியஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூலியஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "துரைசாணி எங்க அப்பாவ ஏமாத்தலன்னு ஒரு வரி எழுதித் தருவீங்களா நோனா?"

முடியாது என்றார் அம்மையார். வாயால் சொல்லலாம், பரிசோதிக்க முடியாத ஒன்றைப் பற்றித் தன் பெயர் போட்டு எழுத முடியாது. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. தேத்தண்ணி வந்தது. ஆறிப்போகும்வரை யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வருகையில் டின் ஜூலியஸின் மடியில் இருந்தது. எஹலியகொடவில் பஸ் நின்றபோது, "அந்தம்மா நாம சொல்லாமலே கை கழுவுனாங்க, பாத்தீங்களா சேர்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூக்கையா வாசலிலேயே காத்திருந்தார். மெய்யான படம்தான் என்று சொன்னார்கள் என்றார் ஜூலியஸ். "எழுதிக் குடுத்தாங்களா? எங்க, கடுதாசியக் காட்டு" என்று கேட்டார் கங்காணி. காட்டக் கடுதாசி இல்லை. நான் பக்கத்திலிருந்து, நானும் கேட்டேன், உண்மைதான் என்றேன். வாத்தியார்மாருக்கு என்ன, வாயில் வருவதைச் சொல்வார்கள் என்று சிரித்துவிட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க உள்ளே போனார். அடுத்த நாளும் அதே கேள்வியைக் கேட்டார். இன்றைக்கும் கேட்கிறார்.

பிறகு ஒருநாள் படத்தின் கறுத்த மூலையில் ஒரு கீற்றைக் கண்டேன். நகத்தளவு இடத்தில் பிளாஸ்டிக்கை மயிரிழைக்குச் சீவியிருந்தது. பால் வெட்டுகிற கத்தியின் வேலை. சீவின இடத்தில் காகிதமும் சேர்ந்து வந்து வெள்ளையாகத் தெரிந்தது. முப்பத்தாறு வருடத்தில் அந்தக் கத்தி சதையைத் தொட்டது அங்கே மட்டும்தான்.

கையைக் கழுவும் சட்டம் மட்டும் மாறவில்லை. இப்போது அந்தப் படத்தை ஓடுகிற தண்ணீரில் போட்டு எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. நான் கூட்டத்தில் சொன்னபடியேதான் இருக்கிறது. ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் ஜூலியஸ் செம்பில் பிடித்து ஊற்றுகிறார், நகத்தைப் பார்க்கிறார், வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுக்கிறார்.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிடுவது என்று போனேன். லெமினேட் பண்ணச் சொன்னவன் நான், அந்த அம்மா கேட்டபோது வாயை மூடிக்கொண்டு உங்களை மடையனாக்கியவனும் நான் என்று சொன்னேன். அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் சேர்" என்றார். தீட்டி முடித்துக் கத்தியைத் துடைத்துச் சுவரில் செருகிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை எடுத்தார்.

பழக்கத்தில் நான் பீலியடிக்குப் போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். விரலெல்லாம் சோக்குத் தூள். செம்பு பக்கத்திலேயே இருந்தது. சிரட்டையில் சோப்பும் இருந்தது. ஜூலியஸ் இரண்டையும் தாண்டி வந்தார்.

"ஒங்களுக்கு வேணாம் சேர்" என்று படத்தை அப்படியே என் கையில் வைத்தார்.